கத்திரிக்காய்தான்

வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடும் வாடிச்சேரியில் குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே நல்லி எலும்பைச் சூப்பக் கொடுத்துவிடுவார்கள், பெண் பார்க்கப் போனால் குடல் குழம்பு வைக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் பெண்ணின் பெயரையே கேட்பார்கள், காய்கறி என்பது ஆட்டுக்கும் ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கும் உரியது என்பதில் சாதி மத பேதமில்லாமல் ஊரில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் பாலாம்பிகா விலாஸ் என்ற சைவ ஓட்டல் மூன்று தலைமுறையாக மூடாமல் நடந்துவந்தது என்றால், அது மாற்றலாகி வந்த பாங்குக்காரர்கள், வயிற்றுப்புண்காரர்கள், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஆகியோரின் புண்ணியம். வெங்காயமும் பூண்டும் கடை வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று தாத்தா போட்ட விதியைப் பேரன் பஞ்சாபகேசன் அப்படியே காப்பாற்றிவந்தார். ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர்கள் யாரும் அங்கே சாப்பிட்டதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு மதியம் பிரியாணி மாஸ்டர் கமருதீன் பாய், குடல் புண்ணாகிவிட்டது, கொஞ்ச நாளைக்குக் கறியைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதால், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாலாம்பிகா விலாஸில் போய் உட்கார்ந்தார். அன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு. பிசைந்து ஒரு வாய் வைத்தவர் மெல்லுவதை நிறுத்தினார், ஏனென்றால் வாயில் இருந்தது கத்திரிக்காய் இல்லை, எட்டு வருஷத்துக்கு முன் மையவாடிக்குப் போய்ச் சேர்ந்த அவருடைய உம்மாவின் தாளிச்சா, எலும்போடு, கொழுப்போடு, பட்டையை எப்போதும் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டுவிடும் அந்தக் கைப்பிசகு உட்பட. இன்னொரு தடவை சோறு வாங்கிக்கொண்டார். மறுநாள் தம்பியையும் கூட்டிவந்தார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சோறு வாங்கினான்.

வாடிச்சேரி இதைக் கண்டு ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. சந்தை நாளில் வரும் ஆட்டுத் தரகர்கள், கறிக்கடைக்காரர்கள், தோல் மண்டிக்காரர்கள், முட்டை லாரி டிரைவர்கள் எல்லோரும் தெருவில் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு கரண்டிக் குழம்பை ஊற்றிக்கொண்டு, செத்துப்போன அம்மாவின் கோழிச்சாறையும் அக்காவின் ஈரல் வறுவலையும் கட்டியவளின் நண்டு ரசத்தையும் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி வெளியே வந்து பீடி பற்றவைத்தார்கள். சட்டதிட்டங்களும் சாப்பிடச் சாப்பிடத் தெளிவாயின. நமக்குச் சோறு போட்டவர்களில் செத்தவர்களின் கை மட்டும்தான் வரும். இரண்டு பேர் செத்திருந்தால் கடைசியாகப் போனவர் கை வரும். எந்தப் பதார்த்தம் வரும் என்பது அந்தக் கையின் இஷ்டம். சமைத்துப்போட்டவர்கள் எல்லாம் உயிரோடு இருந்தால் வெறும் கத்திரிக்காய்தான். சோடாக் கம்பெனி மதன் மூன்று நாள் வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு, "என்னங்கடா, எனக்கு மட்டும் வெறுங் கத்திரிக்காயா வருது, அய்யரு ஆள் பாத்து ஊத்துறாரு" என்று சத்தம் போட்டபோது, பக்கத்து இலையில் இருந்த தரகர், "ஒங்காத்தா நல்லாருக்கான்னு அர்த்தம்டா வெண்ண. போயி அவ கால்ல விழு" என்றார். மதன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்ல, அவன் அம்மா விளக்குமாற்றால் இரண்டு போட்டாள்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் புகாரின் பேரில் வந்து குழம்பைப் புட்டியில் அடைத்து எடுத்துப்போனார். கத்திரிக்காய், புளி, துவரம்பருப்பு, வெந்தயம், பெருங்காயம், நல்லெண்ணெய் இருக்கிறது, மாமிசம் எதுவும் இல்லை என்று ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. அதைக் கொடுக்க வந்த அதிகாரி வந்ததுதான் வந்தோம் என்று உட்கார்ந்து சாப்பிட்டார், பிறகு கை கழுவும் இடத்தில் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றார். புரட்டாசி பிறந்ததும் விரதக்காரர்கள் அங்கே சாப்பிடலாமா என்று வழக்கு வந்தது. பெருமாள் கோயில் பட்டர் இரண்டு நாள் யோசித்து, கையில் எடுப்பது காய், வயிற்றுக்குப் போவது காய், நடுவில் நாக்கு பொய் சொன்னால் அதற்குப் பெருமாள் என்ன செய்வார் என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம் புரட்டாசி முழுக்கக் கூட்டம் தாங்கவில்லை.

பஞ்சாபகேசனுக்கு இருந்தது ஒரே ஒரு மனக்குறை. சாப்பிட்டு எழுகிறவர்கள் பலர், ஏதோ கருமாதிப் பந்தியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இலையை மேல்நோக்கி, எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுப் போனார்கள். நல்ல காரியம் என்றால் இலையைத் தன் பக்கம் மடிக்க வேண்டும், சாவு வீட்டில்தான் அந்தப் பக்கம். "நான் ஓட்டல் நடத்தறேன், ஊரே வந்து பதினாறாம் நாள் சாப்பாடு சாப்பிட்டுப் போறாப்பல இருக்கு" என்று நொந்துகொண்டு, இலையைத் தன் பக்கம் மடிக்கவும் என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினார். யாராவது மறந்து மாற்றி மடித்தால் கல்லாவில் உட்கார்ந்தபடியே விரலால் பலகையைக் காட்டுவார். அவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு இலையைத் திருப்பி மடித்துவிட்டுப் போவார்கள்.

ஊரே சாப்பிட்ட பிறகும் அந்தப் படியை மிதிக்காதவர் ஒருவர் இருந்தார், மார்க்கெட் முக்கில் கறிக்கடை வைத்திருந்த ஒச்சப்பன். பெற்றவள் இவரைப் பெற்ற மூன்றாம் நாளே போய்விட்டாள், அப்பன் கறிக்கடைக் கட்டைக்குக் கீழே சாக்கை விரித்துப் போட்டு வளர்த்தான், சாப்பாடெல்லாம் மிலிட்டரி ஓட்டல் பார்சல். வீட்டுச் சாப்பாடு என்று அவர் கண்டதே விருமாயியைக் கட்டிய பிறகுதான், அதற்கப்புறம் மகள் ரேணுகா தலையெடுத்த பிறகு. விருமாயி வீட்டில் இருக்கிறாள். ரேணுகா விஷயம்தான் சிக்கல்.

ரேணுகா பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கறி சமைத்துப் போட்டவள் அவள்தான். உப்புக்கூட வாயில் வைத்துப் பார்க்காமல் அவள் வைத்த சுக்கா வறுவலைப் பற்றி ஒச்சப்பன் மார்க்கெட் முழுக்கப் பெருமை பேசினார். தனக்கென்று அவள் அடுப்போரமாக ஒரு சின்னச் சட்டியில் ஏதாவது காய்க் குழம்பு வைத்துக்கொள்வாள். கடையில் கழித்துப்போட்ட அரைக்கிலோ எடைக்கல்லைக் கழுவி எடுத்துவைத்து அதால் மசாலா நசுக்குவாள். டொக் டொக் என்று அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். ஆத்தாளும் மகளுமாக அதைப் பிசைந்து சாப்பிடும்போது ஒச்சப்பன் எட்டிப்பார்த்து, "என்ன, ஆட்டுத் தீனி ஆச்சா?" என்பார். ஒருநாள்கூட அதில் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்ததில்லை.

அவள் டூவீலர் மெக்கானிக் ஒருவனோடு திருப்பூருக்குப் போனாள். பையன் நல்லவன் என்று எல்லோரும் சொன்னார்கள், அவன் எந்தத் தெருக்காரன் என்பதுதான் யாராலும் சொல்ல முடியாத விஷயமாக இருந்தது. ஒச்சப்பன் குளத்தில் இறங்கித் தலைமுழுகினார். பிறகு அச்சாபீஸுக்குப் போய், அவளுடைய பன்னிரண்டாம் வகுப்புப் போட்டோவைக் கொடுத்து, கண்ணீர் அஞ்சலி என்று போஸ்டர் அடித்து, பிறந்த தேதியும் ஓடிப்போன தேதியும் போட்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவர் முழுக்கத் தானே பசை தடவி ஒட்டினார். ஒட்டும்போது அவர் அழவில்லை, விருமாயியையும் அழக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தப் போஸ்டரின் படத்தை யாரோ போனில் திருப்பூருக்கு அனுப்பிவைத்தார்கள். அன்றிலிருந்து விருமாயியின் போனுக்கு மகளிடமிருந்து அழைப்பு வருவது நின்றுபோனது, பிறகு அந்த நம்பரே இல்லை என்று போன் சொன்னது.

இப்படிப்பட்டவரை ஊர் சும்மா விடுமா? எதிர்க் கடை மூக்காண்டி, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டான்: "என்ன மாமா, ஊரே திங்கிது, நீங்க மட்டும் ஒதுங்கி நிக்கிறீக. நீங்கதான் போஸ்டரே ஒட்டிட்டீகளே. போயி ஒக்காந்தா மக கைச் சுக்கா வரும்ல?"

ஒச்சப்பன் கத்தியைக் கட்டையில் செருகிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேராகப் பாலாம்பிகா விலாஸுக்கு நடந்தார். பாதித் தெரு பின்னாலேயே வந்தது.

அவர் உட்கார்ந்ததும் பந்தி மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. பஞ்சாபகேசனே வந்து குழம்பு ஊற்றினார். ஒச்சப்பன் சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், வாயில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு மிளகும் சீரகமும் கருக வறுத்த அந்தச் சுக்கா வருமென்று காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது. அவர் மென்று விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"கத்திரிக்காய்தான்" என்றார்.

அவர் குரல் அப்படி ஒரு மாதிரி உடைந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கமருதீன் பாய் எதிர் மேஜையிலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். மூக்காண்டி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். ஒச்சப்பன் மூன்று தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இலையைத் தன் பக்கமாக அழுத்தி மடித்தார்.

வீட்டுக்கு வந்தபோது விருமாயி வாசலில் நின்றாள். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள், "என்ன ருசி?"

"கத்திரிக்காய்தான்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து மதியம் கடையைச் சாத்தியதும் ஒச்சப்பன் அங்கேதான் போனார். கறி வெட்டிய கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போய் உட்கார்வார். ஒவ்வொரு நாளும் முதல் வாய்க்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வார், ஒவ்வொரு நாளும் கத்திரிக்காய் வரும், கத்திரிக்காய் இல்லாத நாளில் முருங்கைக்காய்க் குழம்பாக இருந்தாலும் அவருக்குக் கத்திரிக்காய்தான் வரும், அதை அவர் அய்யர் கடை மசாலா அப்படி என்று நினைத்துக்கொண்டார். கத்திரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் என்ன வித்தியாசம் இருக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மகள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாள், அது போதும். வீட்டுக்கு வந்தால் விருமாயி கேட்பாள், "என்ன ருசி?" அவர் சொல்வார், "கத்திரிக்காய்தான்." புருஷன் பொண்டாட்டிக்குள் வேறு பேச்சு அதிகம் இல்லை. அந்த ஒரு கேள்வியையும் பதிலையும் வைத்துக்கொண்டு அந்த வீடு பொங்கல் வரைக்கும் ஓடியது.

விருமாயி அந்த ஓட்டலுக்குப் போகவில்லை. அவள் அம்மா இறந்து ரொம்ப நாளாகிறது, அம்மாவின் அயிரை மீன் குழம்பு வரும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அக்கம்பக்கத்தார் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பயம். வேறு எது வந்துவிடுமோ என்ற பயம். ஒரே ஒருதடவை மட்டும் புருஷனிடம் கேட்டாள், "ஒரு எட்டு திருப்பூர் போயிப் பாத்துட்டு வந்தா என்ன?"

"எதுக்கு? நல்லாத்தான் இருக்கா. தெனம் நாக்கு சொல்லுதுல்ல" என்றார்.

போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், போஸ்டரைப் பற்றிப் பேச வேண்டும். இங்கே ஒரு இலையைப் போட்டு உட்கார்ந்தால் யாரிடமும் எதுவும் பேசாமல் சேதி வந்துவிடுகிறது.

ஆனால் தினம் தினம் சாப்பிட்டால் எந்த நாக்கும் இளகிவிடும். தை மாதம் முடிவதற்குள் ஒச்சப்பனுக்குக் கறி கொஞ்சம் கசந்தது. கட்டையில் கத்தியை ஓங்கும்போது அந்தக் குழம்பின் நினைப்பு வந்தது. இவ்வளவு நல்ல பண்டத்தையா ஆட்டுத் தீனி என்று சொன்னோம், பெற்ற பிள்ளை அடுப்போரத்தில் உட்கார்ந்து இதைத் தின்றபோது ஒரு வாய் கொடு என்று கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருப்போம் என்று ஒருநாள் மதியம் பாதி இலையில் தோன்றிவிட்டது. தோன்றியதும் எழுந்து வந்துவிட்டார்.

விருமாயி வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன ருசி?"

அவர் வழக்கம்போல ஒரு வார்த்தையில் முடிக்காமல் அவளுக்கு எதிரே படியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கிக் காலம்பற பஸ்ஸுக்குக் கெளம்பு. ரெண்டு பேரும் போவோம். வூட்டுக்கு வாடின்னு நானே கூப்புடுறேன்."

அவள் கையிலிருந்த மொச்சையைப் போட்டுவிட்டு அவரையே பார்த்தாள்.

"நெசமாத்தான்டி. ஒரு தூக்குவாளி நெறையா அய்யரு கடைக் கொழம்ப வாங்கிட்டுப் போவோம். நானும் இப்ப ஆட்டுத் தீனிதான் திங்கிறேன்னு சொல்லிச் சிரிக்க வைக்கணும் அந்தக் கழுதைய. அவளுக்குப் பிடிக்கும். என்னா பக்குவங்கிற? வெந்தயத்தக் கருகுற பதத்துக்கு விட்டு எடுக்குறாக, லேசா ஒரு கசப்பு அடியில நிக்கிது. பூண்ட தோலோடயே நசுக்கிப் போடுறாக போல, அங்கங்க தோலு பல்லுல மாட்டுது, அதச் சப்பிக்கிட்டே திங்கலாம். கடைசியில ஒரு துண்டு மாங்கா."

பேசிக்கொண்டே போனவர் நிமிர்ந்து பார்த்தார். விருமாயியின் கை முறத்தின் மேல் அப்படியே நின்றிருந்தது. ரேணுகாவின் சின்னச் சட்டியில் பிசைந்து சாப்பிட்ட இரண்டு பேரில் அவள் ஒருத்தி.

"அய்யரு கடையில பூண்டு போடுவாகளா?" என்று கேட்டாள்.

"போடாம? நாந்தான் திங்கிறேன்ல..."

"மாங்கா எங்க கெடக்கு தை மாசத்துல?"

அவர் படியில் கையை ஊன்றிக்கொண்டு, "மொத நாளே இருந்துச்சு. அந்தப் பூண்டு. மொத வாய்லயே" என்றார்.

"அவளா இருந்தா யாராச்சும் வந்து சொல்லியிருப்பாகள்ல?" என்று மறுபடி அவரே கேட்டார்.

விருமாயி மொச்சைத் தோலை முறத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள். "செத்துட்டான்னு போஸ்டர் ஒட்டுன வீட்டுக்கு வந்து, செத்துட்டான்னு யாரு சேதி சொல்லுவா?"

மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவர்கள் போகவில்லை. மதியம் இரண்டு பேரும் பாலாம்பிகா விலாஸுக்குப் போனார்கள். ஒச்சப்பன் பொண்டாட்டியோடு வருவதைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். விருமாயி கல்லாவுக்கு முன்னால் நின்றாள்.

"சாமி, கொழம்புல பூண்டு உண்டா?"

"இல்லைம்மா. தாத்தா காலத்துலேர்ந்து கிடையாது. பூண்டு வெங்காயம் வாசப்படி தாண்டாது" என்ற பஞ்சாபகேசன், அவள் கேட்டதன் அர்த்தம் புரிந்து, பக்கத்தில் நின்ற ஒச்சப்பனைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், சோறு வந்தது, குழம்பு வந்தது. விருமாயி கையை இலைமேல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஆத்தா, நீ வந்துரு. ஒன் அயிரமீனா இருக்கட்டும். நீயா இருந்துரு ஆத்தா" என்றாள். பிறகு ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

ஒச்சப்பன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக மென்றாள். நாக்கால் துழாவி, பல்லில் மாட்டிய எதையோ தேடி எடுத்து, அதைச் சப்பினாள். அடுத்த வாய் எடுத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இலையில் பாதி தீர்ந்தபோது, "இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க" என்று கேட்டாள். ஊற்றினார்கள். அதையும் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள்.

பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "சாப்புடுங்க. மிச்சம் வச்சா அவளுக்குப் பிடிக்காது" என்றாள்.

ஒச்சப்பன் சாப்பிட்டார். இத்தனை மாதம் சாப்பிட்டதுதான், ஆனால் யார் கை என்று தெரிந்து சாப்பிடுவது அதுதான் முதல்தடவை. கருகிய வெந்தயத்தின் கசப்பு வந்தது, பூண்டுத் தோல் வந்தது, எடைக்கல்லின் டொக் டொக் சத்தம் வந்தது, காலமில்லாக் காலத்தில் மாங்காய் வந்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பசை தடவியபோது வராத தண்ணீரெல்லாம் மூக்கிலும் கண்ணிலும் ஒழுகிச் சோற்றில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை, கையை நிறுத்தவும் இல்லை. எதிர் மேஜையில் கமருதீன் பாய் உம்மாவின் தாளிச்சாவைப் பாதியில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்ற மூக்காண்டி செருப்பைக் கழற்றினான்.

விருமாயி தன் இலையின் இந்தப் பக்கத்து ஓரத்தைப் பிடித்துத் தூக்கி மேல்நோக்கி, எதிர்ப்பக்கமாக மடித்தாள். ஒச்சப்பன் அதைப் பார்த்தார். தன் இலையையும் அப்படியே மடித்தார்.

தலைக்கு மேலே சிவப்பு எழுத்துப் பலகை இருந்தது. பஞ்சாபகேசன் அதைக் காட்டவில்லை. பிறந்ததிலிருந்து அடுத்தவர் சாப்பிட்ட இலையைத் தொட்டறியாத அந்த மனிதர் மேஜைக்கு வந்து, இலை எடுக்கிற பெண்ணைக் கண்ணால் நிறுத்திவிட்டு, இரண்டு இலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மடிப்பு பிரிந்துவிடாமல் இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக்கொண்டு போனார்.